லாக்அவுட் ஆனது யாருக்குத் தெரியும்?



உங்களிடம் ஒரு கேள்வி. இந்த நிமிடம் உங்கள் மின்னஞ்சல் கணக்கு எத்தனை இடங்களில் திறந்து கிடக்கிறது? கையில் இருக்கும் போனில் ஒன்று. வீட்டுக் கணினியில் ஒன்று. அலுவலகத்தில் ஒன்று. போன வருஷம் தங்கைக்குக் கொடுத்த பழைய போன் என்ன ஆயிற்று? கல்யாணத்துக்குப் போன ஊரில், டிக்கெட் பிரிண்ட் எடுப்பதற்காக மச்சான் வீட்டு லேப்டாப்பில் திறந்தீர்களே, அது? எங்கே லாகின் செய்தோம் என்பது யோசித்தால் ஓரளவு நினைவுக்கு வரும். எப்போது வெளியே வந்தோம் என்பது வராது. பெரும்பாலான இடங்களில் நாம் வெளியே வரவே இல்லை.

இணையச் செயலிகளில் செஷன் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்பதுதான் இன்றைய தலைப்பு. நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஷன் தொடங்குவதற்குத் திட்டமான கணம் ஒன்று உண்டு. முடிவதற்கு அப்படி ஒரு கணம் தானாக அமைவதில்லை. யாராவது உட்கார்ந்து யோசித்து அந்த முடிவை உண்டாக்க வேண்டும். மென்பொருள் எழுதும் நாங்கள் தொடக்கத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசியைக்கூட முடிவுக்குக் கொடுப்பதில்லை. அதன் விலையைக் கொடுப்பவர்கள் நீங்கள்.

அடிப்படையிலிருந்து வருவோம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி, 1991-ல் புழக்கத்துக்கு வந்த, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்.டி.டி.பி.யின் முதல் வடிவத்தில் கோரிக்கை என்பது ஒரே ஒரு வரி. இந்தப் பக்கத்தைக் கொடு என்று பிரவுசர் கேட்கும், சர்வர் கொடுக்கும், கொடுத்த கையோடு இணைப்பைத் துண்டித்துவிடும். அடுத்த விநாடியே அதே ஆள் வந்து வேறு பக்கம் கேட்டாலும் சர்வருக்கு அவர் புது ஆள்தான். ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள இது தாராளமாகப் போதும். யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதால்தான் ஒரு சின்ன சர்வர்கூட ஏராளமான பேருக்குப் பதில் சொல்ல முடிந்தது.

வியாபாரம் என்று வந்தபோதுதான் சிக்கல். 1994-ல் எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இணையத்தில் கடை வைக்க விரும்பியது. வாங்குபவர் கூடையில் போட்டு வைத்த பொருட்களின் பட்டியலைத் தன் சர்வரில் சேமித்து வைக்க அந்த நிறுவனத்துக்கு விருப்பமில்லை. வாங்குபவரின் கணினியிலேயே இருக்கட்டும் என்றது. பின்னாளில் நெட்ஸ்கேப் என்று பெயர் பெற்ற நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்த லூ மான்டுலி அதற்குக் கண்டுபிடித்த வழிதான் குக்கி. சர்வர் ஒரு சின்னத் துணுக்கைக் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்தமுறை அதே சர்வரிடம் போகும்போது கூடவே நீட்டும். அந்த வருஷம் அக்டோபரில் வெளியான அவர்களுடைய பிரவுசரிலேயே இது வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இணையத்தில் நம்மை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

கூடையையே பிரவுசரில் வைப்பது கொஞ்ச நாளில் கட்டுப்படியாகவில்லை. விவரம் சர்வரில் இருக்கட்டும், அதற்குரிய எண் மட்டும் பிரவுசரில் இருக்கட்டும் என்று ஆனது. கோயில் வாசலில் செருப்பு விடும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு எண் போட்ட வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். திரும்பி வந்து வில்லையைக் காட்டினால் செருப்பு கிடைக்கும். பேரும் கேட்க மாட்டார்கள், முகத்தையும் பார்க்க மாட்டார்கள். வில்லை வேறொருவர் கையில் சிக்கினால் செருப்பு அவருக்கு. வில்லையோடு போனவர் திரும்பி வராமலே ஊருக்குப் போய்விட்டால், அந்தச் செருப்பை எத்தனை நாள் அடுக்கில் வைத்திருப்பது என்று கடைக்காரருக்குத் தெரியாது. செஷன் என்பதும் இதேதான். வில்லை கைமாறுவது, போனவர் திரும்பி வராதது: அதன் எல்லாச் சங்கடங்களும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இனி, லாகின் பொத்தானை அழுத்தும்போது நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சர்வருக்குப் போகின்றன. சரியாக இருந்தால் சர்வர் ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்கிறது. நல்ல செயலிகளில் இது 128 பிட் எண். பதின்மத்தில் எழுதினால் 39 இலக்கம் வரை போகும். பழைய செயலிகள் சிலவற்றில் 1041, 1042 என்று வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். உங்கள் எண்ணில் ஒன்றைக் கூட்டினால் அடுத்தவரின் கணக்கு திறந்துகொள்ளும். அதனால்தான் ஊகிக்கவே முடியாத எண் வேண்டும். அந்த எண்ணைத் தன் பட்டியலில் உங்கள் கணக்குக்கு நேராகக் குறித்துக்கொண்டு, பதிலின் தலைப்பகுதியில் குக்கியாக ஒரே வரியில் அனுப்புகிறது. அந்த வரியில் முதலில் குக்கியின் பெயர், பிறகு ஒரு சமக்குறி, பிறகு பொருளே இல்லாத நீண்ட எழுத்துக் கோவை. அதை அடுத்து அரைப்புள்ளி இட்டுப் பிரித்த மூன்று சொற்கள் இருக்க வேண்டும். 'செக்யூர்' என்றால் இந்தக் குக்கி மறையாக்கம் செய்த இணைப்பில் மட்டுமே போக வேண்டும். 'எச்.டி.டி.பி. ஒன்லி' என்றால் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் இதைப் படிக்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் 2002-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-ன் திருத்தப் பதிப்பில் கொண்டுவந்தது இது. 'சேம்சைட்' என்றால் வேறொரு தளத்திலிருந்து தூண்டப்படும் கோரிக்கைகளோடு இது போகலாமா கூடாதா என்பதற்கான கட்டளை. மாணவர்கள் வீட்டுக்குப் போனதும் பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, நீங்கள் பயன்படுத்தும் தளங்களின் குக்கிகளில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எது இல்லையோ, அது ஏன் இல்லை என்று யோசிப்பதே பெரிய படிப்பு.

தொடக்கம் என்றால் லாகின்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பல தளங்கள் நீங்கள் எட்டிப் பார்த்த உடனேயே, பேர் தெரியாத ஆளாக இருக்கும்போதே, ஒரு செஷன் எண்ணைக் கொடுத்துவிடுகின்றன. கூடையில் பொருள் போடுகிறீர்கள், மொழியை மாற்றுகிறீர்கள், எல்லாம் அந்த எண்ணில் ஏறும். பிறகு லாகின் செய்கிறீர்கள். இங்கேதான் ஒரு பொறி. ஸ்லோவேனியாவின் ஆக்ரோஸ் செக்யூரிட்டி நிறுவனத்தைச் சேர்ந்த மித்யா கோல்ஷெக் 2002 டிசம்பரில் இதை விரிவாக எழுதிக் காட்டினார். திருடன் முதலில் தானே தளத்துக்குப் போய் ஒரு எண்ணை வாங்கிக்கொள்கிறான். அந்த எண்ணையே உங்கள் பிரவுசரும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு இணைப்பை அனுப்புகிறான். நீங்கள் அதைத் திறந்து, உங்கள் பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்து உள்ளே போகிறீர்கள். இப்போது அந்த எண் உங்கள் கணக்குக்கு உரியது. அது அவன் கையிலும் இருக்கிறது. அவன் எதையும் உங்களிடமிருந்து திருடவில்லை; தன்னிடம் இருந்ததை உங்கள் தலையில் கட்டிவிட்டான். மருந்து எளிது: லாகின் ஆன கணத்தில் பழைய எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது எண் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வரி நிரல். அந்த ஒரு வரி இல்லாத செயலிகள் இன்றும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

நீளமான பாஸ்வேர்டு, ஓ.டி.பி., கைரேகை எல்லாமே காப்பது தொடக்கத்தை மட்டும். உள்ளே போன பிறகு அந்த எண்தான் நீங்கள். இதை உலகத்துக்கு உறைக்கும்படி காட்டியவர் எரிக் பட்லர். 2010 அக்டோபரில் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த டூர்கான் மாநாட்டில் அவர் ஃபயர்ஷீப் என்ற சின்ன நீட்சியை வெளியிட்டார். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் அதைச் சேர்த்துவிட்டு, பாஸ்வேர்டு இல்லாத ஒரு பொது வைஃபையில் உட்கார்ந்தால் போதும். அதே வைஃபையில் ஃபேஸ்புக், ட்விட்டர் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயரும் படமும் பக்கவாட்டில் வரிசையாக வரும். யார் மேலாவது இரண்டு தடவை கிளிக் செய்தால் அவராகவே உள்ளே போய்விடலாம். காரணம், அன்றைக்குப் பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, மற்றப் பக்கங்களைத் திறந்தபடி அனுப்பின. பாஸ்வேர்டு பத்திரமாகப் போனது. செஷன் எண் ஊர் பார்க்கப் போனது. மூன்று மாதம் கழித்து, 2011 ஜனவரியில், முழு மறையாக்கத்தை ஃபேஸ்புக் விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. எல்லாருக்கும் அதுவே இயல்பானது 2013-ல்.

அந்த ஓட்டை இப்போது அநேகமாக அடைபட்டுவிட்டது. திருடர்கள் வழியில் மறிப்பதை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் கைமாறிப் போனது. விளம்பர ஒப்பந்தம்போல் வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். அதற்குள் இருந்த தீநிரல் பிரவுசரில் இருந்த குக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. தொழில்நுட்பம் பேசியே கோடிக்கணக்கான பார்வையாளர்களைச் சேர்த்தவர்களின் சேனல் அது. பாஸ்வேர்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அங்கே உதவவில்லை; ஏற்கெனவே தொடங்கி, முடியாமல் இருந்த செஷனைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

முடியாமல் இருந்த செஷன். இனி அதற்கு வருவோம்.

நீங்கள் பிரவுசர் டேபை மூடுகிறீர்கள். சர்வருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. லேப்டாப்பை மடக்கி வைக்கிறீர்கள், கரண்ட் போகிறது, போன் தண்ணீரில் விழுகிறது, பேருந்து சிக்னல் இல்லாத மலைப்பாதைக்குள் போகிறது. சர்வரைப் பொறுத்தவரை இவை எல்லாம் ஒன்றுதான்: அடுத்த கோரிக்கை வரவில்லை. ஆள் யோசித்துக்கொண்டிருக்கிறாரா, போய்விட்டாரா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. பக்கம் மூடப்படும்போது கடைசியாக ஒரு செய்தி அனுப்ப ஜாவாஸ்கிரிப்டில் ஏற்பாடு உண்டு. ஆனால் போனில் செயலியை விரலால் தள்ளி மூடினால் அந்தச் செய்தி போகும் என்று நம்ப முடியாது.

பிரவுசரை மூடினால் குக்கி அழிந்துவிடும் என்று பலரும் நம்புகிறோம். காலாவதித் தேதி குறிக்காத குக்கிக்கு ஒரு காலத்தில் அது பொருந்தியது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி வந்த பிறகு, மறுநாள் பிரவுசரைத் திறந்தால் நேற்றைய டேப்களோடு நேற்றைய குக்கிகளும் எழுந்து வருகின்றன.

ஆகவே சர்வருக்கு இருக்கும் ஒரே வழி ஊகம். இத்தனை நிமிடம் கோரிக்கை வரவில்லை என்றால் ஆள் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 'இத்தனை நிமிடம்' எங்கிருந்து வருகிறது? ஜாவா உலகத்தில் டாம்கேட் சர்வரை நிறுவினால் 30 நிமிடம் என்று எழுதியே வரும். மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட்நெட்டில் 20 நிமிடம். பைத்தானில் எழுதும் ஜாங்கோவில் இரண்டு வாரம். பி.எச்.பி.யில் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஒரு வங்கிச் செயலிக்கும் ஒரு சமையல் குறிப்புத் தளத்துக்கும் ஒரே எண்ணா என்று யாரும் கேட்பதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது என்ன எண் இருந்ததோ அதுவே பல வருஷம் ஓடுகிறது. எந்த நிறுவனத்திலும் இந்த எண்ணை யார் முடிவு செய்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பி.எச்.பி.யின் 24 நிமிடத்தை இன்னும் கொஞ்சம் நோண்ட வேண்டும், அதில் பாடம் இருக்கிறது. 24 நிமிடம் ஆனதும் செஷன் அழிந்துவிடும் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது அழிக்கப்படத் தகுதி பெறுகிறது, அவ்வளவுதான். அழிக்கும் வேலை தனியாக நடப்பதில்லை. ஒரு பக்கம் செஷனைத் தொடங்கும்போது, நூற்றில் ஒரு வாய்ப்பில், காலாவதியானவற்றைத் துடைக்கும் வேலையும் சேர்ந்து நடக்கும். நிமிடத்துக்கு ஆயிரம் பேர் வரும் தளத்தில் இது உடனுக்குடன் நடந்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சிறிய அலுவலகத் தளத்தில், சாயங்காலம் விட்டுப்போன செஷன் மறுநாள் காலையிலும் உயிரோடு இருக்கலாம். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இந்தக் குலுக்கலை நிறுத்திவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை துடைக்கும் தனி வேலையை வைத்திருக்கிறார்கள். அதே நிரல், வேறு சர்வர், வேறு நடத்தை. நேரத்தைக் கறாராக முடிக்க வேண்டுமானால், கடைசியாக எப்போது வந்தார் என்பதைச் செஷனிலேயே எழுதி வைத்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்குப் பார்த்தாலும் இன்னொரு தொல்லை. சர்வர் பார்ப்பது ஆளை அல்ல, கோரிக்கைகளை. ஒரு பெரியவர் ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்புகிறார். கண்ணாடியைத் தேடி எடுத்து, பழைய காகிதங்களைப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார். அரை மணி நேரம் உழைக்கிறார். அந்த அரை மணியில் சர்வருக்கு ஒரு கோரிக்கைகூடப் போகவில்லை. தட்டுவதெல்லாம் அவருடைய திரையிலேயே நிற்கிறது. சமர்ப்பி என்று அழுத்தியதும் 'செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் லாகின் செய்யவும்' என்று வருகிறது. எழுதியது அத்தனையும் போயிற்று. இது அவருடைய மெத்தனம் இல்லை, எங்களுடைய குற்றம். இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. புதுச் செய்தி வந்திருக்கிறதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே கேட்கும் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு ஆள் சாப்பிடப் போகிறார். சர்வர் கண்ணுக்கு அவர் விடாமல் வேலை செய்கிறார். அந்தச் செஷன் என்றைக்கும் முடியாது. உழைப்பவர் வெளியே தள்ளப்படுகிறார். காலி நாற்காலி உள்ளே இருக்கிறது.

முதல் அநியாயத்துக்கு விதி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இணைய உள்ளடக்கம் எல்லாரும் அணுகக்கூடியதாக இருக்க டபிள்யூ3சி அமைப்பு வகுத்த நெறிமுறைகளில், நேரக் கட்டுப்பாடு வைப்பதாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வருகிறது. அது காட்டும் வழிகளில் ஒன்று: நேரம் முடியும் முன் எச்சரித்து, ஒரு விசையைத் தட்டுவதுபோன்ற எளிய செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுத்து, அப்படிப் பத்துமுறையாவது நீட்டிக்க விட வேண்டும். நெறிமுறையின் மூன்று நிலைகளில் மிகக் கீழ்நிலையிலேயே இது கட்டாயம். இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் இதைத் தழுவியவைதான். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெரியவரின் திரையில்தான் இல்லை.

ஊகத்துக்கு வேலை வைக்காத முடிவு ஒன்று உண்டு. நீங்களாகவே லாக்அவுட்டை அழுத்துவது. அழுத்தினால் என்ன நடக்க வேண்டும்? சர்வர் தன் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழிக்க வேண்டும். பிரவுசரிடம் குக்கியை அழிக்கச் சொல்ல வேண்டும். பின்செல் பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் தெரியாதபடி, பக்கங்களைச் சேமிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்யும் செயலிகள் ஏராளம். திரையில் லாகின் பக்கம் வந்து நிற்கும்; பயனர் வெளியே வந்துவிட்டதாக நம்புவார்; எண் சர்வரில் உயிரோடு இருக்கும்.

உங்கள் கல்லூரித் திட்டப்பணியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் சொந்தச் செயலியில் மட்டும், அடுத்தவர் தளத்தில் வேண்டாம். குரோமில் லாகின் செய்யுங்கள். செஷன் குக்கியின் மதிப்பை நகலெடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அதே தளத்தைத் திறந்து, அந்த மதிப்பைக் கையால் ஒட்டிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போவீர்கள். இது எதிர்பார்த்ததுதான். இப்போது குரோமுக்குத் திரும்பி லாக்அவுட் அழுத்துங்கள். மறுபடி ஃபயர்ஃபாக்ஸில் வந்து புதுப்பியுங்கள். லாகின் பக்கம் வந்தால் உங்கள் லாக்அவுட் மெய்யானது. உள்ளேயே இருந்தால், நீங்கள் எழுதியது வெறும் பொத்தான்.

2015-ல் தரமாக்கப்பட்ட ஜே.டபிள்யூ.டி. என்ற டோக்கன் முறையை இங்கே சொல்லாமல் விட முடியாது. சர்வரில் பட்டியலே வேண்டாம். பயனர் யார், எதுவரை செல்லும் என்பதை டோக்கனுக்குள்ளேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் பெரிய அமைப்புகளுக்கு இது வசதிதான். ஆனால் பட்டியலே இல்லை என்றால் எதை அழிப்பது? காலாவதி ஆகும்வரை அந்தக் கையொப்பம் செல்லும். ரத்தானவற்றின் பட்டியல் ஒன்றை வைத்தால் பட்டியல் வேண்டாம் என்ற ஆதாயம் போய்விடும். சில நிமிடமே செல்லும் டோக்கனும், அதைப் புதுப்பிக்கச் சர்வரில் பதிவு செய்த இன்னொரு டோக்கனுமாக வைப்பதே நடைமுறையில் சரி. நாகரிகமாக இருக்கிறது என்பதற்காகச் சின்னச் செயலிகளிலும் இதைப் புகுத்தி, லாக்அவுட்டைக் காவு கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

லாக்அவுட் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய வேண்டுமானால் நம்மூர் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். தேர்வு விண்ணப்பக் கடைசி நாள். ஒரு பெண் வருகிறாள். படிவத்தை நிரப்பும் தளத்தில் 'கூகுள் கணக்கைக் கொண்டு உள்நுழைக' என்று இருக்கிறது, அப்படியே செய்கிறாள். போட்டோ, கையொப்பம் ஏற்றி, பணம் கட்டி, பிரிண்ட் எடுக்கிறாள். மறக்காமல் லாக்அவுட் அழுத்துகிறாள். 'முடிஞ்சதுண்ணா, எவ்வளவு?' என்கிறாள். 'முப்பது ரூபாம்மா' என்கிறார் கடைக்காரர். காசைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவள் லாக்அவுட் செய்தது தேர்வுத் தளத்திலிருந்து. அந்தத் தளத்துக்காகத் திறந்த கூகுள் செஷன் அதே பிரவுசரில் அப்படியே இருக்கிறது. அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் ஜிமெயில் என்று தட்டினால் அவளுடைய கடிதங்கள், கூகுள் டிரைவில் இருந்தால் ஆதார் நகல், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கண் முன்னால். அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு லாகினில் இரண்டு செஷன்கள் தொடங்கின. ஒன்றுதான் அவளுக்குக் காட்டப்பட்டது. அடுத்தவர் கணினியில் இன்காக்னிட்டோ சாளரம் திறந்து வேலை பார்த்துவிட்டு, அந்தச் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட்டு எழுந்தால் இரண்டு செஷன்களின் குக்கிகளும் போய்விடும். வேலையைத் தொடங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். சென்டர் நடத்துபவர்கள் மூடும்போது எல்லாவற்றையும் துடைக்கும்படி பிரவுசரை அமைத்து வைத்தால், ஒரே வேலையில் ஊருக்கே பாதுகாப்பு.

வலுக்கட்டாயமாக முடிக்க வேண்டிய நேரங்களும் உண்டு. 2018 செப்டம்பர் 28 அன்று ஃபேஸ்புக் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. தன் பக்கம் மற்றவருக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கும் வசதியில் இருந்த பிழைகளின் வழியாகச் செஷன் டோக்கன்கள் வெளியே போய்விட்டன. 5 கோடிப் பேருடையவை போயிருக்கலாம் என்று அன்று சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து 3 கோடி என்று திருத்தினார்கள். அவர்கள் உடனே செய்தது என்ன? பாஸ்வேர்டை மாற்றச் சொல்லவில்லை, ஏனென்றால் பாஸ்வேர்டு போகவில்லை. முன்னெச்சரிக்கையாக இன்னும் 4 கோடிப் பேரையும் சேர்த்து, 9 கோடிப் பேரை ஒரே வீச்சில் லாக்அவுட் செய்தார்கள். டோக்கன்களை அழித்துவிட்டால் திருடன் கையில் இருப்பது வெறும் எழுத்து. பட்டியல் சர்வரில் இருந்ததால்தான் இது முடிந்தது.

2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெட்ஸ்கேலர் கருவிகளில் வெளிப்பட்ட ஓட்டையும் இதே வகை. கருவியின் நினைவகத்திலிருந்து செஷன் டோக்கன்கள் கசிந்தன. திருத்தம் வெளிவந்தது, பலர் நிறுவினார்கள், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். ஓட்டையை அடைத்தாலும், அடைக்கும் முன் போன டோக்கன்கள் உயிரோடுதான் இருந்தன. நடப்புச் செஷன்கள் அனைத்தையும் கொன்றுவிடுங்கள் என்று தனியாக எச்சரிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் காம்காஸ்ட் எக்ஸ்ஃபினிட்டி நிறுவனத்தின் 3.5 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் விவரம் போனது இந்த ஓட்டை வழியாகத்தான். அதே மாதத்தில் ஆக்டா. பல்லாயிரம் நிறுவனங்களின் லாகினைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அது. கோளாறைக் காட்டுவதற்காக வாடிக்கையாளர்கள் தங்கள் பிரவுசர் போக்குவரத்தைப் பதிவு செய்து அதன் உதவிப் பிரிவுக்கு அனுப்புவது வழக்கம். அந்தப் பதிவுக் கோப்புகளில் செஷன் டோக்கன்களும் இருந்தன. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகளைப் பார்த்த திருடர்கள், அந்த வாடிக்கையாளர்களில் 5 பேரின் செஷன்களுக்குள் புகுந்தார்கள். கோளாறைப் பதிவு செய்து அனுப்பிய அன்றே அந்தச் செஷனிலிருந்து வெளியே வந்திருந்தால், லாக்அவுட் மெய்யானதாக இருந்த பட்சத்தில், கோப்பில் இருந்த டோக்கன் செத்த எண்ணாகியிருக்கும்.

ஆக, எத்தனை நேரம் என்பதை யார் முடிவு செய்வது? அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. ஒன்று சும்மா இருந்த நேரத்துக்கு; இன்னொன்று லாகின் ஆனதிலிருந்து மொத்த நேரத்துக்கு. அதன்படி நடுத்தரப் பாதுகாப்புக்கு 30 நிமிடம் சும்மா இருந்தாலோ, என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் 12 மணி நேரம் ஆனாலோ மறுபடி லாகின் செய்ய வேண்டியிருந்தது. சாதாரணப் பாதுகாப்புக்கு 30 நாள். முதல் கடிகாரத்தை மட்டும் வைத்தால், திருடன் அவ்வப்போது ஒரு கோரிக்கை அனுப்பிக்கொண்டே காலமெல்லாம் உள்ளே இருப்பான். இரண்டாவது கடிகாரம் இருப்பது அதற்காக.

நம் நாட்டில் இது அரசாணையாகவே வந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் கணினி வடிவத்தை 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது லாக்அவுட் செய்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. வாட்ஸ்அப்பின் வழக்கமோ வேறு: முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் தொடாவிட்டால்தான் இணைத்த சாதனங்கள் துண்டாகும். மோசடிக்காரர்கள் ஊர்விட்டு ஊர் உட்கார்ந்து அடுத்தவர் எண்ணை ஓட்டுவதைத் தடுப்பதே நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் காலை முதல் இரவு வரை கணினியில் வாட்ஸ்அப் திறந்து வைத்து ஆர்டர் எடுக்கும் அச்சகக்காரருக்கும், ஒரு தடவை திறந்துவிட்டு மறந்துபோனவருக்கும் ஒரே 6 மணி நேரம் என்பது சரியான அளவுகோலாக எனக்குத் தோன்றவில்லை. பாஸ்வேர்டு மாற்றம், பணம் அனுப்புதல் போன்ற பெரிய காரியங்களுக்கு முன் மறுபடி கேட்பதும், புது இடத்திலிருந்து வந்தால் கேட்பதும், எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைக் கண்ணில் படும்படி வைப்பதும் கூடுதல் பயன் தரும். அந்தப் பட்டியல் கூகுளிலும் வாட்ஸ்அப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்று இருக்கும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்'. மச்சான் வீட்டு லேப்டாப் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இங்கிருந்தே அதை வெளியேற்றிவிடலாம்.

எண்ணைக் கொண்டுவந்தவரையெல்லாம் நம்புவது என்ற அடிப்படையையே மாற்றும் முயற்சி ஒன்றும் நடக்கிறது. 2024 ஏப்ரலில் கூகுள் குரோம் குழு அறிவித்த திட்டம் செஷனைச் சாதனத்தோடு பிணைக்கிறது. லாகின் ஆகும்போது கணினியின் பாதுகாப்புச் சில்லுக்குள் ஒரு ரகசியச் சாவி உண்டாகும். அதை வெளியே நகலெடுக்க முடியாது. குக்கி சில நிமிடங்களே செல்லும். புதுப்பிக்க வேண்டுமானால் அந்தச் சாவி தன்னிடம் இருப்பதைக் கணினி நிரூபிக்க வேண்டும். குக்கியைத் திருடிக்கொண்டு வேறு ஊருக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் அது செத்துவிடும். லைனஸ் சேனலுக்கு நேர்ந்ததுபோன்ற திருட்டுக்கு இது நல்ல தடை. பிரவுசிங் சென்டர் பெண்ணுக்கு இது உதவாது. அங்கே அடுத்து உட்காருபவரும் அதே கணினியில்தான் உட்காருகிறார். சாவியும் அதிலேயே இருக்கிறது. ஒரு தளத்திலிருந்து வெளியேறும்போது, அதற்காகத் திறந்த கூகுள் கணக்கையும் மூடட்டுமா என்று அந்தத் தளமே அவளிடம் தமிழில் கேட்க வேண்டும். அதை எழுதப் புதிய சில்லு தேவையில்லை. இங்கே இருக்கும் மாணவர்களாலேயே இன்று சாயங்காலம் எழுத முடியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முன்வரிசையில் ஐயா கையைத் தூக்கியிருக்கிறார், அவரிடமிருந்தே தொடங்கலாம்.